தகட்டுக்கு வைத்த பொட்டு

ரத்தினசாமி எதையும் விளிம்பில்தான் பிடிப்பார். காபி டம்ளரை மேல் விளிம்பில் இரண்டு விரலால் தூக்குவார். பஸ் டிக்கெட்டை மூலையில் கிள்ளி வாங்குவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் மஞ்சள் தடவிய மூலையை அவர் பக்கம் நீட்டினால், சுற்றிக்கொண்டு போய் மஞ்சள் இல்லாத மூலையைப் பிடிப்பார். மைசூர் மண்டி மொஹல்லாவில் அவர் குடியிருக்கிற சந்தில், மனிதர் பெரிய ஆசாரக்காரர் போலிருக்கிறது என்று சிலரும், திமிர் பிடித்தவர் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்க்கிற வேலை அப்படி.

வேலை ஹூட்டகள்ளி தொழிற்பேட்டையில், உமேஷ் என்பவருடைய பட்டறையில். அங்கே என்ன செய்கிறார்கள் என்று சென்னம்மாவுக்கு, அதாவது ரத்தினசாமியின் மனைவிக்கு, அவர் சொல்லிப் புரியவைக்கவே பத்து வருஷம் ஆயிற்று. நாம் கொஞ்சம் சீக்கிரமாகவே புரிந்துகொண்டுவிடலாம்.

கண்ணாடியை உருக்கி நூலாக இழுக்கிற ஆலைகள் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து காற்றாலை இறக்கை வரை அந்த நூலில்தான் செய்கிறார்கள். உருகின கண்ணாடி ஒரு தட்டில் வந்து இறங்கும். தட்டின் அடியில் நூற்றுக்கணக்கான துளைகள். துளை வழியே வருவதை முடியைவிட மெல்லிசாக நிறுத்தாமல் இழுத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூட்டில் அந்தத் தட்டு தொய்யவும் கூடாது, கண்ணாடியில் கரையவும் கூடாது. முழுக்கப் பிளாட்டினத்தில் செய்தால் கரையாது; ஆனால் ஒரு தட்டுக்கு ஒரு பங்களாவை விற்க வேண்டும், அப்படியும் நாள்பட்டால் நடுவில் தொய்ந்துவிடும். மாலிப்டினம் என்று இன்னோர் உலோகம் இருக்கிறது. எந்தச் சூட்டுக்கும் அசையாது. அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம்: சூட்டில் காற்றுப் பட்டால் வெள்ளைப் புகையாகி ஆளே காணாமல் போய்விடும். ஆகவே உள்ளே மாலிப்டினம், அதன் மேல் சட்டை போட்டது போலப் பிளாட்டினம். இரண்டும் நேராக ஒட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால், நடுவில் பீங்கான் மாதிரி மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்று. எல்லாவற்றையும் அடுக்கி, ஓரத்தைப் பற்றவைத்து மூடி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பெரிய சூட்டிலும் பெரிய அழுத்தத்திலும் வைத்தால் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

நடுவில் அழுக்கு இல்லாவிட்டால்தான் பிடிக்கும். ஒரே ஒரு கைரேகை போதும். அந்த எண்ணெய் சூட்டில் வாயுவாகிக் கொப்புளம் கட்டும். கொப்புளம் ஒரு நாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் காற்று நுழையும். அப்புறம் மேலே சொன்ன வெள்ளைப் புகைதான்.

அந்த அழுக்கைப் பார்த்துக்கொள்வதுதான் ரத்தினசாமியின் வேலை. அமிலத்தில் அலசி, வாலை வடித்த தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கையுறை போட்ட விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, அடுக்கிக் கொடுப்பார். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்தில் பிறந்தவர், பத்தொன்பது வயதில் மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தார். உமேஷ் ஒரு நாள் அண்டாவுக்கு ஈயம் பூச எடுத்துக்கொண்டு போனார். ஆகிவிட்டதா என்று எட்டிப் பார்த்து அண்டாவுக்குள் கை விட்டார். "கைய எடுங்க சார், உங்க கையில வெண்ணெ இருக்குது" என்றார் ரத்தினசாமி. காலையில் சாப்பிட்ட பெண்ணெ தோசை, அதாவது வெண்ணெய் தோசை, உமேஷுக்கு ஞாபகம் வந்தது. மறுவாரமே பட்டறையில் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

சுத்த அறையின் வாசலில் ரத்தினசாமி நின்றால் சோதனைச்சாவடி தோற்றுப்போகும். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவி வந்தவனை மூக்காலேயே பிடித்துத் திருப்பி அனுப்புவார். ஒரு தரம் பாங்க் மேனேஜர் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, அவர் கையை உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை கழுவவைத்தார். கழுவிய தண்ணீரில் பிளாட்டினத் தூள் போய்விடும் என்று அந்தத் தண்ணீரையும் தனிப் பீப்பாயில் பிடித்து வைத்தார். முதலாளி உமேஷே நெற்றியில் விபூதியோடு வந்தால் வாசலில் ஈரத்துணி காத்திருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்று யாரையாவது சொல்வோம். ரத்தினசாமியை அப்படிச் சொல்லவும் முடியாது. அவர் அறையில் எந்த எண்ணெயும் ஆகாது.

ஊருக்குச் சொல்கிற சட்டத்தை அவர் தனக்கும் வைத்துக்கொண்டிருந்தார். தலை எப்போதும் காய்ந்துதான் இருக்கும். நெற்றி துடைத்து வைத்த பலகை மாதிரி வெறுமையாக இருக்கும். சென்னம்மாவின் ஆயுட்காலக் குறை அதுதான். மாதேஸ்வரன் மலைக்குப் போனால் கைநிறைய விபூதிப் பொட்டலம் வாங்கி வருவாள். அவர் புறப்படும்போது ஒரு நாள் விடாமல் வாசலில் விபூதித் தட்டோடு நிற்பாள். அவரும் ஒரு நாள் விடாமல், "வேலைக்கு ஆவாது புள்ளே" என்று சொல்லிச் செருப்பை மாட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

பட்டறையில் ஸ்ரீதேவி என்றொரு இன்ஜினீயர் இருந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கன்னடம்தான் சரளம், தமிழ் வீட்டுக்கும் ரத்தினசாமிக்கும் மட்டும். நடுவில் போடுகிற அந்த வெள்ளைப் பூச்சு அவள் மூன்று வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தது. ஒரு கண்ணாடி நூல் ஆலை, சோதனைக்கு ஒரு தட்டு செய்து காட்டுங்கள், தேறினால் ஆர்டர் தருகிறோம் என்றது. முதல் தட்டு கொப்புளம் கட்டியது. காற்று உறிஞ்சுகிற பம்பில் கோளாறு. இரண்டாவதும் கொப்புளம் கட்டியது. பற்றவைத்ததில் ஊசித் துளை. இரண்டும் ஸ்ரீதேவியின் தப்பு இல்லை. ஆனாலும் பட்டறையில் எல்லோருக்கும் அவள் பூச்சின் மேல்தான் ஒரு கண்.

உமேஷ் ரத்தினசாமியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ரத்னா, இது மூணாவது. இதுவும் ஹோய்து, போச்சு அப்படின்னா, இந்தச் செக்‌ஷனே வேணாம். தட்டை அழுத்தற பிரஸ்ஸை வித்துடறேன். அந்தப் பொண்ணு வேற வேலை பார்த்துக்கட்டும். உனக்கு ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்குல்ல, கேட்ல உக்காந்துக்கோ."

கேட் என்றால் பட்டறை வாசலில் ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு. வருகிற வண்டி எண்ணை எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பிளாட்டினத்தைத் தொட்ட கை, தொடாமலே தொட்ட கை, லாரி எண் எழுதுவதா? ரத்தினசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மூன்றாவது தட்டைக் கழுவிப் பூச்சும் போட்டு முடித்த நாளுக்கு மறுநாள் ஆயுத பூஜை. பற்றவைக்கிறவன் லீவில் போய்விட்டான். பூஜை முடிந்து, விஜயதசமியும் கழிந்து வந்துதான் மூட முடியும். அதுவரைக்கும் தட்டைக் காற்றில்லாத கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை ரத்தினசாமி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று மைசூரில் பொட்டில்லாத பொருளைப் பார்க்க முடியாது. ஆட்டோவுக்கு வாழைக்கன்று, பஸ்ஸுக்கு மாலை, தராசுக்குச் சந்தனம், கத்தரிக்கோலுக்குக் குங்குமம். உழைக்கிற எதையும் அன்றைக்கு விட்டுவிடக் கூடாது. விட்டால் அது கோபித்துக்கொள்ளும், வருஷம் முழுக்கப் பழி வாங்கும் என்பது ஊர் நம்பிக்கை. உமேஷின் பட்டறையில் மூத்தவர் என்பதால் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வருஷா வருஷம் ரத்தினசாமியின் கையில்தான். கடைசல் மெஷினுக்கு வைத்தார். பிரஸ்ஸுக்கு, உலைக்கு, தராசுக்கு, துடைப்பத்துக்கு வைத்தார். உமேஷின் லேப்டாப்புக்கு வைத்தார். வாட்ச்மேனின் டார்ச்சுக்கும் ஸ்ரீதேவியின் ஸ்கூட்டருக்கும் வைத்தார். தன் நெற்றிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பூஜை முடிந்ததும் ஒரு நடை சுத்த அறையைப் பார்த்துவிட்டு வர வேண்டுமே.

வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். உமேஷ் மேல்கோட்டையிலிருந்து வரவழைத்த புளியோதரையை, அந்த ஊர் வழக்கில் புளியோகரையை, எல்லோரும் தொன்னையில் வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரத்தினசாமி கையை மூன்று முறை கழுவிவிட்டுச் சுத்த அறைக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. துடைப்பத்துக்குக்கூட வைத்தாயே, எனக்கில்லையா என்று அது கேட்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. முதல் தட்டுக்குப் பொட்டு வைக்கவில்லை, போயிற்று. இரண்டாவதற்கும் வைக்கவில்லை; அதுவும் போயிற்று. பம்பு, ஊசித் துளை என்று படித்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள். இரண்டுக்கும் பொட்டு இல்லை என்பது இருக்கிறதல்லவா? ஒரு மனிதன் தப்புச் செய்யத் தீர்மானித்துவிட்டால் அவனுக்குக் கணக்கெல்லாம் எவ்வளவு சரியாக வந்துவிடுகிறது பாருங்கள்.

செய்ததையும் சும்மா செய்யவில்லை. வெளியே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து, புதுக் கையுறை போட்டார். ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, அதைக் கரைசலில் முக்கிக் கழுவி உலர்த்தினார். தட்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் கடைசியில் வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த ஓரத்தில், தென்கிழக்கு மூலையில், சந்தனம் குழைத்த குங்குமத்தைக் குச்சி நுனியால் கடுகளவு வைத்தார். கடுகளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பெட்டியைப் பூட்டி, மறுபடி காற்றை உறிஞ்சவிட்டு, வெளியே வந்து இரண்டு தொன்னை புளியோகரை சாப்பிட்டார். அன்றைக்கு அவருக்கு இருந்த நிம்மதி ஆறு மாதமாக இல்லாதது.

மூன்றாம் நாள் பிளாட்டினத்தை அவரே போர்த்தினார். பொட்டு உள்ளே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. பற்றவைத்தார்கள், அழுத்தினார்கள், ஆறவைத்தார்கள். வியாழக்கிழமை காலை ஸ்ரீதேவி தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஒலி அலை அனுப்பி உள்ளே பார்க்கிற சோதனையைச் செய்தாள். ஒட்டிய இடம் திரையில் நீலமாகத் தெரியும். ஒட்டாத இடம் வெள்ளையாகத் தெரியும். உமேஷும் ரத்தினசாமியும் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார்கள். திரை நீலமாக வந்துகொண்டே இருந்தது. முக்கால் தட்டு நீலம். எல்லாரும் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது பழமொழி. இந்தக் கடுகு சிறுக்கவும் இல்லை. சூட்டில் பட்டாணி அளவுக்கு உப்பிவிட்டிருந்தது.

"ஓரத்துல தானுங்களே இருக்குது? வெட்டி எறிஞ்சுட்டாப் போவுது" என்றார் ரத்தினசாமி. குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஸ்ரீதேவி மறுப்பாகத் தலையாட்டினாள். "முடியாது அண்ணா. ஏன் வந்துச்சுன்னு தெரியாம வெட்டினா, அடுத்த தட்டுல நடுவுல வரும். ஆலையில போய் வெடிக்கும். பம்பு சரியா இருந்தது, வெல்டிங் சரியா இருந்தது. நீங்க கழுவினதுல தப்பு வராது. மிச்சம் என் பூச்சுதான்."

நீங்க கழுவினதுல தப்பு வராது. இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரத்தினசாமிக்கு நின்ற இடத்தில் வியர்த்துக் கொட்டியது.

"முகீத்து," என்றார் உமேஷ். "இதோட முடிஞ்சு போச்சு. திங்கக்கிழமை ஆலைலேர்ந்து கெம்பையன் வர்றார். என்னால ஆகலைன்னு சொல்லி அனுப்பிடறேன்."

அன்று சாயங்காலம் சென்னம்மா காபி கொடுத்தாள். ரத்தினசாமி டம்ளரை முழுக் கையால் வளைத்துப் பிடித்தார். சூடு தெரிந்ததாகவே தெரியவில்லை. சென்னம்மா பயந்துபோனாள்.

"ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க பண்ணுது? டம்ளர அப்படிப் புடிக்கறீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குச்சியைக் கழுவினதைக்கூட விடாமல் சொன்னார். சென்னம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையால் பொத்தினாள். அதற்கு மேல் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இருவத்திரண்டு வருசமா நெத்திக்கு வெய்யிங்க, நெத்திக்கு வெய்யிங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன். மாதேசுவரன் மலைத் துண்ணூறுன்னு சொன்னாலும் வெக்கல. கடைசீல போயித் தகட்டுக்கு வெச்சுப்போட்டு வந்து நிக்கறீங்களா?"

"சிரிக்காத புள்ளே. பொழப்பே போச்சு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அந்தப் புள்ளைக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. அது பூச்சுத்தான் தப்புன்னு நெனச்சுட்டிருக்குது."

"மூணு வருசப் பாடு. அது அங்க அழுதுட்டு இருக்கும், நீங்க இங்க காப்பி குடிச்சுட்டு இருக்கறீங்க."

"சொன்னா என்னையக் கொண்டுபோயிக் கேட்டுல உக்கார வெச்சுருவாங்க, சென்னம்மா. ஊர் ஒலகத்தையே கையக் கழுவு, நெத்தியத் தொடைன்னு வெரட்டுனவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

"கேட்டுல உக்காந்தா நெத்திக்காச்சும் வெச்சுக்கலாமுல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீதேவியின் அறை வாசலில் நின்றார். அவள் கண் வீங்கியிருந்தது. மேஜை முழுக்கக் காகிதம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கடுகளவுக் குங்குமத்தை மறைக்க முடியவில்லையே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

"மேடம், அன்னிக்கு ஆயுத பூசைங்களா..."

"ஆமா அண்ணா."

"எல்லா மிசினுக்கும் பொட்டு வெச்சனுங்களா..."

"என் ஸ்கூட்டருக்கும் வெச்சீங்க. சீட்ல கறை இன்னும் போகல."

"தகட்டுக்கும் வெச்சுட்டனுங்க."

ஸ்ரீதேவி அவரையே பார்த்தாள்.

"எந்தத் தகட்டுக்கு?"

"அதுக்குத்தானுங்க. பூச்சு மேல. தெக்காலயும் கெழக்காலயும் சேர்ற மூலையில. கடுகத்தனைதானுங்க வெச்சேன். குச்சியக் கழுவித்தான் வெச்சேன்."

அவள் திரையை இழுத்துப் பார்த்தாள். ஸ்கேல் வைத்து அளந்தாள். அந்த மூலையேதான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழ வைத்துவிட்டோமே என்று ரத்தினசாமி பதறிப்போனார். அவள் கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்திருக்கிறது.

"அண்ணா, அப்போ என் பூச்சு நல்லா இருக்கு. குங்குமம் இருந்த இடம் தவிர ஒரு இடத்துல விடல. என் பூச்சு கெடல அண்ணா!"

அப்புறம் கோபம் வந்தது. "இத நேத்தே ஏன் சொல்லல? ராத்திரியெல்லாம் உக்காந்து ரிஸைன் லெட்டர் எழுதிட்டிருந்தேன் நான்."

ரத்தினசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. "தப்புத்தானுங்க அம்மிணி" என்றார். மேடம் என்று சொல்ல மறந்துபோனார்.

இரண்டு பேரும் உமேஷிடம் போனார்கள். ஸ்ரீதேவி விஷயத்தைச் சொன்னாள். உமேஷ் நம்பவில்லை.

"யாரு, ரத்னாவா? தகட்டுக்குக் குங்குமமா? சுள்ளு ஹேளபேடா! என்கிட்டப் பொய் சொல்லாதே. எங்க அம்மா திதி அன்னிக்குக்கூட என் விபூதியைத் துடைச்சு அனுப்பினவன் இவன். பொண்ணு வேலை போயிடும்னு பாவப்பட்டுப் பழியைத் தன் தலையில போட்டுக்கறான்."

"இல்லீங்க சார், சத்தியமா நாந்தானுங்க."

"பாத்தியா, சத்தியம் வேற பண்றான். எவ்வளவு நல்ல மனசு!"

வேலியே பயிரை மேய்ந்தது என்று வேலியே வந்து சொல்கிறது. கேட்க ஆள் இல்லை. யோக்கியன் என்ற பெயரை வாங்குவதுதான் கஷ்டம் என்று ரத்தினசாமி இத்தனை நாள் நினைத்திருந்தார். அதைத் தொலைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஸ்ரீதேவிதான் வழி சொன்னாள். இரண்டு சின்னத் தகடு எடுப்போம். ஒன்றைச் சுத்தமாக மூடுவோம். இன்னொன்றுக்கு அண்ணா அன்றைக்கு வைத்த மாதிரியே பொட்டு வைக்கட்டும், மூன்று இடத்தில். இரண்டையும் ஒன்றாக அழுத்துவோம். கெம்பையன் முன்னாலேயே பார்ப்போம்.

சனிக்கிழமை. பூச்சுப் போட்ட இரண்டு தகடும் மேஜை மேல் இருந்தன. உமேஷ், ஸ்ரீதேவி, பற்றவைக்கிறவன் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ரத்தினசாமி குச்சியைக் கழுவினார், குங்குமத்தைத் தொட்டார், தகட்டின் பக்கம் கொண்டுபோனார். கை வரவில்லை. பிளாட்டினம் போர்த்தப் போகிற தகட்டில் அழுக்கு வைக்க அந்தக் கை படியவே மாட்டேன் என்றது. மறுபடி முயன்றார். தன்னையறியாமல் இடது கை ஈரத்துணியை எடுத்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் உமேஷ் வெற்றியோடு. "இவனாவது, வைக்கிறதாவது!"

"சார், நீங்க எல்லாரும் கொஞ்சம் திரும்பி நின்னுக்குங்க" என்றார் ரத்தினசாமி.

முதலாளி உட்பட எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பின்னால் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சாமி கும்பிடுகிற முணுமுணுப்புக் கேட்டது. "ஆச்சுங்க" என்ற குரல் வந்தபோது திரும்பிப் பார்த்தார்கள். தகட்டில் மூன்று பொட்டு, ஒரே வரிசையில், கோடு போட்டது போல. உமேஷ் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு ரத்தினசாமியைப் பார்த்தார். விடுவிடுவென்று வெளியே போனார். அவர் நம்பிவிட்டார் என்பது போன விதத்திலேயே தெரிந்தது. கேட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வைக்கும்படி வாட்ச்மேனிடம் அவர் சொன்னது ரத்தினசாமியின் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை கெம்பையன் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர். சுத்தமாக மூடி அழுத்திய முதல் தகட்டைத் தண்ணீரில் இறக்கினார்கள். திரை முழுக்க நீலம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு புள்ளி இல்லை. கெம்பையன் தலையை அசைத்தார். இரண்டாவதை இறக்கினார்கள். நீலத் திரையின் நடுவில் மூன்று வெள்ளைப் பொட்டு வரிசையாக எழுந்து வந்தது. கெம்பையனின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிக்கையைக் கையில் வாங்கினார். 'கொப்புளத்தின் காரணம்' என்ற இடத்தில் ஸ்ரீதேவி 'குங்குமம், சந்தனம்' என்று எழுதியிருந்தாள்.

யார் வைத்தது என்று கன்னடத்தில் கேட்டார். ரத்தினசாமி ஒரு அடி முன்னால் வந்து, நான்தான் என்றார். எதற்கு என்று கேட்டார் கெம்பையன். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதற்கு மட்டும் வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளுமே என்றார் ரத்தினசாமி. கெம்பையன் சிரிக்கவில்லை. எங்கள் ஆலையில் உலையை நிறுத்தவே முடியாது, ஆயுத பூஜை அன்று பத்தடி தள்ளி நின்று குங்குமத்தை வீசி எறிவோம், கொஞ்சம் கண்ணாடியிலும் விழுந்துவிடும் என்றார். உமேஷின் பக்கம் திரும்பினார். பத்துத் தட்டுக்கு ஆர்டர். ஒரே நிபந்தனை, தசரா வாரத்தில் எதையும் செய்யக் கூடாது.

"யாரு கழுவப் போறா?" என்று கேட்டார்.

உமேஷ் கேட் பக்கம் பார்த்தார்.

"வெச்சவரே கழுவட்டும்," என்றார் கெம்பையன். "இந்தப் பட்டறையிலே இனி அவர் கைக்குத்தான் பயம் இருக்கும்."

மறுநாளே சுத்த அறைக் கதவில் ஒரு பலகை ஏறியது, கன்னடத்திலும் தமிழிலும். எண்ணெய், வெண்ணெய், விபூதி, சந்தனம், குங்குமம் கூடாது, யாராக இருந்தாலும். 'யாராக இருந்தாலும்' என்பதை மட்டும் உமேஷ் சிவப்பில் எழுதச் சொல்லியிருந்தார். ரத்தினசாமி அந்தப் பலகையைத் தினமும் அவரே துடைத்தார், விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் ஸ்ரீதேவியின் கைக்குப் போய்விட்டது. சாவியும் அவளிடம்தான். கொப்புளம் கட்டிய அந்த மூன்றாவது தட்டின் பிளாட்டினத்தை உரித்து எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த மாலிப்டினத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்கு உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்தாள். கடைசல் மெஷின், பிரஸ், உலை, தராசு, துடைப்பம். சுத்த அறையின் பூட்டுக்கு வைத்தாள். ரத்தினசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு அடி தள்ளியே கூட நடந்து வந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒதுங்கப் பார்த்தார்.

"இருங்க அண்ணா. ஒண்ணு பாக்கி."

"எல்லாத்துக்கும் வெச்சாச்சுங்களே மேடம்? பீப்பாய்க்கா?"

"இருபத்திமூணு வருஷமா இந்தப் பட்டறையில உழைக்கிறது ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒரு வருஷம்கூட யாரும் வைக்கல. கோவிச்சுக்கிட்டுத்தான் போன வருஷம் பழி வாங்கிடுச்சு. குனியுங்க."

அவர் தயங்கினார். கதவைப் பார்த்தார். பூட்டியிருந்தது. தலையைக் குனிந்தார். சந்தனமும் குங்குமமும் நெற்றியில் குளிர்ச்சியாகப் பட்டபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதையும் துடைக்கத் தோன்றவில்லை.

அப்புறம் அவருக்கு வியர்வை ஞாபகம் வந்தது. குங்குமம் வழியும், வழிந்தால் கையில் படும், கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. புளியோகரைத் தொன்னையை விளிம்பில் பிடித்துக்கொண்டு, சுத்த அறையிலிருந்து முடிந்த தூரம் நடந்தார். வாசல் வரைக்கும் போய்விட்டார். அங்கே தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு செல்போனை எடுத்து, நெற்றி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ பிடித்துச் சென்னம்மாவுக்கு அனுப்பினார்.